கையில் போன், போனில் வங்கி: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு காவல் வழிகாட்டி

களுவாஞ்சிகுடிக்குக் கிட்ட, கல்முனை வீதியோரமாக, சின்னதாக ஒரு கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் கீபோட் வேலை செய்யவில்லை, பிரின்டரில் மை இறங்கவில்லை என்றுதான் ஆட்கள் வருவார்கள். இப்போது பொருளில் ஒரு பழுதும் இருக்காது. காசு போயிருக்கும், இல்லாவிட்டால் கணக்குப் போயிருக்கும். புதிதாக ஸ்மார்ட் போன் வாங்கி, வங்கி அப் போட்டு, பேஸ்புக்கில் சாமான் விற்கத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்னக் கடையிலோ சங்கத்திலோ “கொம்பியூட்டர் தெரிஞ்ச பிள்ளை” என்ற பெயரில் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

போன நோன்பு மாதம் மருதமுனையிலிருந்து ஒரு ராத்தா வந்தார். கைத்தறிச் சேலைகளை வட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிறவர். “தம்பி, என்ட வட்ஸ்அப் செத்துப் பெய்த்து” என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். காலை 9.40க்கு ஒரு எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. அதில் ஆறு இலக்கம், கூடவே ‘இதை யாருக்கும் கொடுக்க வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அடுத்த நிமிடமே தங்கச்சியிடமிருந்து செய்தி: “ராத்தா, ஒரு கோட் தெரியாம உங்கட நம்பருக்கு வந்திரிச்சி, பாத்து அனுப்புங்க.” தங்கச்சி கேட்டால் யார்தான் கொடுக்க மாட்டார்கள்? ஆனால் கேட்டது தங்கச்சி இல்லை. அவளுடைய கணக்கு முதல் நாள் இரவே இதே வழியில் போயிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். யாரோ ஒருவன் தன் போனில் வட்ஸ்அப்பை நிறுவி, ராத்தாவின் இலக்கத்தை அடித்தான். இலக்கத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று உறுதிப்படுத்த வட்ஸ்அப் ஆறு இலக்கக் கோட்டை ராத்தாவின் சிம்முக்கு அனுப்பியது. அதை அவர் கையாலேயே கொடுத்துவிட்டார். மத்தியானத்துக்குள் அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் “அவசரமாக 35,000 ரூபா வேண்டும், நாளைக்குத் தாறன்” என்று செய்தி போய்விட்டது. இரண்டு பேர் காசு போட்டும் விட்டார்கள். கணினி மூளைக்காரன் எவனும் இதில் எதையும் உடைக்கவில்லை. கேட்டான், கொடுத்தார்கள்.

மீட்பது அவ்வளவு கஷ்டமில்லை. சிம் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதே போனில் அதே இலக்கத்தைப் போட்டு மறுபடியும் கோட் கேளுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வருகிற புது ஆறு இலக்கத்தை அடித்தவுடன் திருடனுடைய போனிலிருந்து கணக்கு வெளியே விழுந்துவிடும். அவன் கெட்டிக்காரனாக இருந்தால் உள்ளே போன கையோடு தானே ஒரு பின் இலக்கம் போட்டு வைத்திருப்பான். அப்படியானால் அந்தப் பின் தெரியாமல் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டும். பயப்பட வேண்டாம், அந்த ஏழு நாளும் அவனும் வெளியேதான். அதற்கிடையில் சாதாரண அழைப்பெடுத்து ஆட்களுக்குச் சொல்லுங்கள்: “நான் காசு கேட்கல்ல, போட வேணாம்.” ராத்தாவை என் கதிரையில் இருத்தி நாற்பது பேருக்குமேல் அழைக்க வைத்தேன். அதுதான் அன்றைக்கு உண்மையான வேலை. மிச்சமெல்லாம் பத்து நிமிட விஷயம்.

படி 1: இன்றைக்கே போட வேண்டிய பூட்டுகள்

வட்ஸ்அப்பில் செட்டிங்ஸுக்குள் எக்கவுன்ட் என்பதைத் திறந்தால் ‘இரண்டு படிச் சரிபார்ப்பு’ என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து நீங்களே ஒரு ஆறு இலக்கப் பின் போடுங்கள். பிறந்த திகதி வேண்டாம். இதைப் போட்டுவிட்டால், எஸ்எம்எஸ் கோட்டைத் தவறிக் கொடுத்தாலும் திருடன் வாசலில்தான் நிற்பான். வட்ஸ்அப்பிலேயே ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பட்டியலும் இருக்கும். உங்களுக்குத் தெரியாத கணினி ஏதாவது அதில் இருந்தால் உடனே வெட்டிவிடுங்கள்.

அடுத்தது ஈமெயில். எல்லாச் சாவியும் தொங்குகிற ஆணி அதுதான். பேஸ்புக் பாஸ்வேட் மறந்தால் மீட்கும் லிங்க் ஈமெயிலுக்குத்தான் வரும். நம் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. போன் விற்ற கடைத் தம்பியே ஜிமெயில் கணக்கையும் திறந்து கொடுத்துவிடுவார். பாஸ்வேட் என்ன என்று கேட்டால், “அந்தத் தம்பிக்குத்தான் தெரியும்” என்பார்கள். வீடு கட்டிய மேசனிடமே சாவியை விட்டுவைத்த கதை. இன்றைக்கே பாஸ்வேட்டை மாற்றுங்கள். மீட்பு இலக்கமாக உங்கள் சிம்மைப் போடுங்கள். கூகுளிலும் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

பாஸ்வேட் எப்படி இருக்க வேண்டும்? நீளமாக. ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலு சொற்களைச் சேர்த்தால் போதும், நெல்லும் தோணியும் சேலையும் செவ்வாய்க்கிழமையும் மாதிரி. மூன்று மாதத்துக்கு ஒருதரம் மாற்றச் சொல்லும் பழைய அறிவுரையை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே 2017இல் கைவிட்டுவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் ஆட்கள் கடைசியில் 1, 2, 3 என்று போட்டுக்கொண்டே போவார்கள் என்பதுதான் காரணம். ஒரே பாஸ்வேட்டை எல்லா இடத்திலும் போடாமல் இருப்பதுதான் முக்கியம். நினைவில் நிற்காவிட்டால் ஒரு கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வையுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வெளிநாட்டில் இருக்கிற திருடனால் உங்கள் அலுமாரியைத் திறக்க முடியாது.

சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். மாமாவின் அடையாள அட்டையில் எடுத்த சிம், மூடிப்போன கடையின் பெயரிலுள்ள சிம் இரண்டிலும் ஆபத்து உண்டு. போன் தொலைந்தால் அதே இலக்கத்தைத் திரும்ப எடுக்கப் பெயருக்குரியவர்தான் போக வேண்டும். வங்கி ஓடிபி, அதாவது ஒரு தடவை மட்டும் செல்லுபடியாகும் இரகசிய இலக்கம், வருகிற சிம்மாவது உங்கள் பெயரில் இருக்கட்டும்.

படி 2: காசு வாங்க ஓடிபி தேவையில்லை

புதிதாக விற்கத் தொடங்கியவர்கள் மாட்டுவது இங்கேதான். பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றை விற்பதற்கு விளம்பரம் போடுகிறீர்கள். ஒருவர் விலைகூடப் பேசாமல் “சரி, எடுக்கிறேன், கொழும்பிலிருந்து காசு போடுகிறேன்” என்கிறார். கணக்கு இலக்கம் கேட்கிறார், சரி. மறுகா அடையாள அட்டை இலக்கம். அதற்கும் மறுகா, “உங்களுக்கு ஒரு கோட் வந்திருக்கும், அதைச் சொன்னால்தான் காசு இறங்கும்” என்கிறார். அங்கேதான் நிற்க வேண்டும். உங்கள் கணக்குக்குக் காசு வரப் பெயர், கணக்கு இலக்கம், வங்கி, கிளை இவ்வளவும் போதும். ஓடிபி என்பது காசு வெளியே போவதற்கான கையெழுத்து. அந்த ஆள் உங்கள் கணக்கைத் தன் போனிலுள்ள ஏதோ ஒரு கொடுப்பனவு அப்போடு இணைத்துக்கொண்டிருக்கிறான். அதற்குத்தான் அந்தக் கோட்.

எஸ்எம்எஸ்ஸை முழுதாக வாசியுங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். இலக்கத்தை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் எழுதியிருப்பதையும் பாருங்கள். எதற்காக, எவ்வளவு தொகைக்கு என்று பல வங்கிகள் அதிலேயே எழுதி அனுப்புகின்றன. ஆங்கிலம் புரியாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் காட்டுங்கள். ஐந்து நிமிடம் பிந்தினால் ஓடிவிடுகிற வியாபாரம் ஓடட்டும்.

நான் செய்துவைத்திருக்கிற ஒரு ஏற்பாட்டையும் சொல்கிறேன். வியாபாரக் காசு வரும் கணக்கு வேறு, சேமிப்பு வேறு. போனில் இருப்பது முதலாவது மட்டும், அதிலும் நாளாந்த அனுப்பும் எல்லையைக் குறைத்து வைத்திருக்கிறேன். இப்போது வங்கிக்கு வங்கி காசு சில செக்கன்களில் போய்விடும். நமக்கு அது எவ்வளவு வசதியோ திருடனுக்கும் அவ்வளவு வசதி.

படி 3: லிங்கைக் கடைசியிலிருந்து வாசிப்பது

“உங்கள் பொதி தபாலகத்தில் நிற்கிறது, முகவரி பிழை, சின்னக் கட்டணம் கட்டுங்கள்.” தபால் திணைக்களத்தின் பெயரில் இப்படி வரும் பொய்ச் செய்திகளைப் பற்றித் திணைக்களமே எச்சரித்திருக்கிறது. சின்னத் தொகை என்பதால் ஆட்கள் யோசிக்காமல் வங்கிக் காட் இலக்கத்தைக் கொடுப்பார்கள். காட் இலக்கம் கைக்கு வந்த பிறகு அவர்கள் எடுக்கப்போவது சின்னத் தொகை அல்ல. அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியல், வெள்ள நிவாரணம், இலவச டேட்டா என்று காலத்துக்கேற்ற மாதிரிப் பெயர் மாறும், வேலை ஒன்றுதான்.

லிங்கைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வருகிற முதலாவது ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக வாசியுங்கள். பெரும்பாலான அரசாங்கத் தளங்களில் அந்த இடம் ‘கவ் டொட் எல்கே’ என்று முடியும். ‘கவ் எல்கே’ என்று நடுவில் எங்காவது வந்து, முடிவு ‘டொட் டொப்’, ‘டொட் எக்ஸ்வைசட்’ என்று இருந்தால் அது அரசாங்கம் இல்லை. முன்பக்கத்தில் எவனும் எதையும் எழுதலாம். கடைசிப் பகுதியை மட்டும் காசு கொடுத்துப் பதிவுசெய்தவன்தான் வைத்திருக்க முடியும்.

வட்ஸ்அப்பில் வருகிற அப் கோப்புகளை, கல்யாண அழைப்பிதழ் என்று வந்தாலும் சரி, வங்கி அப்பின் புதுப் பதிப்பு என்று வந்தாலும் சரி, நிறுவ வேண்டாம். பிளே ஸ்டோரில் இல்லாத அப் ஒன்று உங்கள் எஸ்எம்எஸ்ஸை வாசிக்கவும் திரையைப் பார்க்கவும் அனுமதி கேட்டு நீங்கள் கொடுத்துவிட்டால், ஓடிபி உங்களுக்கு வரும் நேரத்தில் அவனுக்கும் வந்துவிடும்.

வேலை வாய்ப்பு என்று வருவதும் ஒரு லிங்க்தான். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம் என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடிப் பக்கம் உள்ள மோசடி முகாம்களில் அடைத்துவைக்கப்பட்ட இலங்கையர்கள் இருக்கிறார்கள். 2023, 2024இல் அரசாங்கம் அவர்களைப் பல தடவை மீட்டுக் கொண்டுவந்தது. அங்கே அவர்களைச் செய்ய வைத்த வேலை, இந்தக் கட்டுரையில் நான் சொல்லிக்கொண்டிருக்கிற களவுகள்தான். இங்கேயும் 2024 ஒக்டோபரில் மட்டும் 200க்கும் மேற்பட்ட சீன நாட்டவர் இணைய மோசடிச் சந்தேகத்தில் கைதானார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை வெளிநாடு போக முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து, முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு, ஆள் சேர்த்தால் இன்னும் காசு என்பவற்றைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஆளைச் சேர்த்துக் காசு பார்க்கும் பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். தடைசெய்தவற்றின் பெயர்ப் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது.

குரலும் முகமும்

டோஹாவிலிருந்து மகன் பேசுகிறான், கனடாவிலிருந்து சித்தப்பா பேசுகிறார். குரல் அவர்களுடையது போலவே இருக்கும். ஒருவர் பேசிய சின்ன ஒலிப்பதிவு கிடைத்தாலே குரலைப் போலி செய்துவிடலாம். 2024இல் வெளியான செய்தி ஒன்று: ஹொங்கொங்கில் பிரித்தானிய பொறியியல் நிறுவனமான அருப்பின் ஊழியர் ஒருவர், வீடியோக் கூட்டத்தில் தன் மேலதிகாரிகளைக் கண்ணால் கண்டு, அவர்கள் சொன்னபடி சுமார் 200 மில்லியன் ஹொங்கொங் டொலரை அனுப்பிவிட்டார். அந்தக் கூட்டத்தில் இருந்த முகங்கள் போலி. இதற்கு வீட்டில் ஒரு சொல்லை முடிவுசெய்து வையுங்கள், பழைய நாயின் பெயரோ அம்மம்மாவின் பட்டப்பெயரோ. அவசரம் என்று காசு கேட்டால் அந்தச் சொல்லைக் கேளுங்கள். அல்லது வைத்துவிட்டு, உங்களிடம் உள்ள பழைய இலக்கத்துக்கு நீங்களே திருப்பி அழையுங்கள்.

படி 4: கடைக் கணினி

இதில் கொஞ்சம் நீளமாகப் பேசப்போகிறேன், என் தொழில் என்பதால்.

பட்டிருப்புப் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற தம்பி ஒருவர், ஒரு நாள் காலை கணினியையே கழற்றி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். “அண்ணன், படம் ஒண்டும் திறக்குதில்ல.” எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நாலு ஆங்கில எழுத்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு போல்டரிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு எழுத்துக் கோப்பு. திறந்தால், உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவிக்கு 980 டொலர், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டொலர். புடவைக்கடைத் தள்ளுபடி மாதிரி.

இது ரான்சம்வேர், பணயம் கேட்கும் மென்பொருள். ஸ்டொப் அல்லது டிஜேவியு என்று அழைக்கப்படும் வகை. பெரிய நிறுவனங்களை அல்ல, நம்மைப் போன்ற சின்ன ஆட்களைத்தான் இது பிடிக்கிறது. வரும் வழி பெரும்பாலும் ‘கிராக்’ மென்பொருள். தம்பியைக் கேட்டேன். எடிட்டிங் மென்பொருளின் களவுப் பதிப்பை இறக்கியிருக்கிறார். ‘முதலில் அன்டிவைரஸை நிறுத்தவும்’ என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்ததாம். நிறுத்தியிருக்கிறார். காவல்காரனைத் தூங்கச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்த மாதிரி.

இப்படி நடந்தால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் வைஃபையை நிறுத்துங்கள், கேபிளைப் பிடுங்குங்கள், செருகியிருக்கிற பென்டிரைவையும் ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றுங்கள். பூட்டிய கோப்புகளையும் அந்த ரீட்மீயையும் அழிக்க வேண்டாம். ரீட்மீயின் கடைசியில் ஒரு நீளமான தனி இலக்கம் இருக்கும். அது ஆங்கில டீ எழுத்தும் 1உம் ஆக முடிந்தால், கணினி இணையத்தில் இல்லாத நேரத்தில் பொதுச் சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானவற்றுக்கு எம்சிசொஃப்ட் நிறுவனத்தின் இலவசக் கருவி சிலவேளை திறக்கும். வேறு வகையாக இருந்தால் ‘நோ மோர் ரான்சம்’ தளத்தைப் பாருங்கள். நெதர்லாந்துப் பொலிஸும் ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கியது. பூட்டிய கோப்பு ஒன்றைக் கொடுத்தால் இலவசச் சாவி இருக்கிறதா என்று சொல்லும்.

தம்பியின் இலக்கம் அப்படி முடியவில்லை. ஆனால் இந்த வகை அவசரக்காரத் திருடன். ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டும். கல்யாண வீடியோ பல கிகாபைட், அதனால் தலைதான் போயிருக்கிறது, உடம்பு அப்படியே. அதே கமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்து நாலு கல்யாணத்தில் மூன்றை மீட்டோம். புகைப்படங்கள் பல போய்விட்டன. கமரா மெமரி காட்டை இன்னும் அழிக்காமல் வைத்திருந்த ஒரு கல்யாணத்துக்கு மட்டும் எல்லாம் கிடைத்தது. காசு கட்டச் சொல்லவில்லையா என்று பிறகு சிலர் கேட்டார்கள். கட்டினால் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வந்தாலும் அந்தக் காசு அடுத்தவனைப் பிடிக்கத்தான் போகும்.

இன்னொன்று, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த வகையோடு பாஸ்வேட் திருடும் மென்பொருளும் அடிக்கடி சேர்ந்தே வரும். ஆகவே கணினியைத் துடைத்துச் சுத்தம் செய்தது மட்டும் போதாது. வேறொரு போனிலிருந்து எல்லாப் பாஸ்வேட்டையும் மாற்ற வேண்டும்.

பிரதி எடுத்து வைப்பதுதான் இதற்கெல்லாம் மருந்து. மூன்று பிரதி, இரண்டு வகையான இடத்தில், ஒன்று கடைக்கு வெளியே. முடிந்த பிறகு வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுங்கள். செருகியபடியே விட்டால் அதுவும் சேர்ந்து பூட்டுப்படும். இது கடைக்காரனுக்கு மட்டுமான பாடம் இல்லை. 2023 ஓகஸ்டில், அரச அலுவலகங்களின் ஈமெயில் ஓடுகிற லங்கா அரசாங்க மேகக் கணிமையில் ரான்சம்வேர் புகுந்தது. ‘கவ் டொட் எல்கே’ முகவரிகள் சுமார் 5,000, அவற்றில் அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான ஈமெயில்கள் போயின. இணைய வழியில் வைத்திருந்த பிரதிகளும் சேர்ந்து பூட்டுப்பட்டுவிட்டன. அந்த மூன்று மாதத்துக்கு மேலான காலத்துக்கு வெளியே தனியாகப் பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். நம்மூர்க் கடையில் நடப்பதும் கொழும்பில் நடந்ததும் ஒன்றுதான், அளவு மட்டும்தான் வேறு.

புதுப்பிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2017 மே 12இல் வன்னாகிரை என்ற ரான்சம்வேர் பிரித்தானிய மருத்துவமனைகள் உட்பட சுமார் 150 நாடுகளில் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசொஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. பெரும்பாலும் இரண்டு மாதம் ‘பிறகு பார்ப்போம்’ என்று தள்ளியவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. உங்கள் கணினி அதில்தான் ஓடுகிறதென்றால், விண்டோஸ் 11 ஏறுமா என்று பாருங்கள். ஏறாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடலாம். ஒன்றுமே முடியாதென்றால் அந்தக் கணினியில் வங்கி வேலை மட்டும் பார்க்காதீர்கள்.

படி 5: நடந்துவிட்டால் முதல் ஒரு மணித்தியாலம்

வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் இருப்பதில்தான் அதிக நேரம் போகிறது. “அவர் ஏசுவார்” என்று இரண்டு நாள் மறைத்த அக்கா ஒருவரின் காசு மூன்று வங்கி மாறி, கடைசியில் ஏடிஎம்மில் நோட்டாக வெளியே போயிருந்தது.

காசு போனது தெரிந்தவுடன் முதல் அழைப்பு வங்கிக்கு. காட்டின் பின்பக்கத்தில் 24 மணித்தியால இலக்கம் இருக்கும். காட்டையும் அப்பையும் நிறுத்தச் சொல்லுங்கள், காசு போய்ச் சேர்ந்த வங்கிக்கும் அறிவிக்கச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்ததாக ஸ்கிறீன்ஷொட்: எஸ்எம்எஸ், வட்ஸ்அப் உரையாடல், லிங்க், கணக்கு இலக்கம், நேரம். கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அந்த உரையாடல்தான் சாட்சி. யாராவது நட்சத்திரக் குறியோடு ஏதோ இலக்கம் அடிக்கச் சொல்லி நீங்கள் அடித்திருந்தால், உங்கள் அழைப்புகள் அவன் பக்கம் திருப்பிவிடப்பட்டிருக்கலாம். ##002# அடித்தால் எல்லாத் திருப்பலும் நின்றுவிடும்.

மறுகா பொலிஸ். உங்கள் ஊர் நிலையத்திலேயே முறைப்பாடு போடலாம். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்குக் கீழே கணினிக் குற்றப் பிரிவு இருக்கிறது. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ், முறைப்பாட்டைத் தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ‘கணக்கு இலக்கம்’ என்ற இடத்தில் ‘போன் இலக்கம்’ எழுதியதால் திரும்பவும் நிலையத்துக்கு அலைந்தவரை எனக்குத் தெரியும்.

சமூக ஊடகக் கணக்கு, போலிப் பக்கம், ரான்சம்வேர் எல்லாவற்றுக்கும் இலங்கை செர்ட்டின் 101 இலக்கத்துக்கு அழையுங்கள். இணையப் பாதுகாப்புக்காக 2006இலிருந்து இயங்கும் அரச நிறுவனம். காசை மீட்டுத் தரமாட்டார்கள், ஆனால் என்ன செய்வதென்று சொல்வார்கள், நிறுவனங்களோடு பேசுவார்கள். வங்கி உங்கள் எழுத்து முறைப்பாட்டுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லையென்றால் மத்திய வங்கியின் 1935. படம் வெளியிடுவேன் என்று மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடியும் கேட்பான். பெண்களுக்கு 1938, பிள்ளைகள் சம்பந்தப்பட்டால் 1929. ஹிதவதி என்ற சேவையும் இணையத் தொல்லைகளுக்குத் தமிழில் உதவுகிறது.

காசு திரும்ப வருமா? நேர்மையாகச் சொன்னால், ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால் இங்கே கஷ்டம். பிரித்தானியாவில் 2024 ஒக்டோபர் முதல், ஏமாந்து தானாக அனுப்பிய காசையும் 85,000 பவுண் வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று விதி. சிங்கப்பூரில் பதிவுசெய்யாத பெயரில் எஸ்எம்எஸ் அனுப்பினால் அது ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற பெயரோடுதான் போனுக்கு வரும், 2023 ஜனவரியிலிருந்து. நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுச் சாட்சியத்தைக் கேட்டு வாங்க உதவும் புடாபெஸ்ட் உடன்படிக்கையில் 2015இல் சேர்ந்தோம், தெற்காசியாவில் முதலாவதாக. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் மோசடிக்காரனைவிட எழுதுகிறவனைத்தான் அதிகம் பயமுறுத்தும் என்று விமர்சித்தார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். வங்கிகள் தங்களுக்குள் தாக்குதல் தகவல் பரிமாற ஃபின்சிசேர்ட் என்ற அணியை வைத்திருக்கின்றன. இவ்வளவும் இருந்தும், யாராவது அழைத்துச் சொன்ன பிறகுதான் இவை அசையும்.

கேள்வி கேட்பதன் பலனுக்கு நம் நாட்டோடு சம்பந்தப்பட்ட கதை ஒன்றே இருக்கிறது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிக்குள் புகுந்தவர்கள் கிட்டத்தட்ட 951 மில்லியன் டொலரை எடுக்கப் பார்த்தார்கள். 81 மில்லியன் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது. 20 மில்லியன் இலங்கையிலுள்ள ஒரு தொண்டு அமைப்பின் கணக்கை நோக்கி வந்தது. ‘ஃபவுண்டேஷன்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஃபன்டேஷன்’ என்று திருடர்கள் எழுத்துப் பிழை விட்டிருந்தார்கள். இடையிலிருந்த வங்கி இது என்னவென்று கேட்டது. அந்தக் காசு தப்பியது.

என் கடைக் கல்லாவுக்கு மேலே ஒரு மட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: என் வங்கியின் இலக்கம், 101, 1935, பொலிஸின் 119, சிம் நிறுவனத்தின் இலக்கம். போன் களவு போகிற அன்றைக்குப் போனுக்குள் பதிந்துவைத்த இலக்கம் உதவாது என்பதால் மட்டை. மருதமுனை ராத்தாவும் அதைப் பார்த்துத் தன் சேலைக் கணக்குக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு போனார். வெயிலில் என் மட்டையின் மை மங்கிவிட்டது, 1935இன் கடைசி 5 இப்போது 6 மாதிரித் தெரிகிறது. நாளைக்குப் புதிதாக எழுதி ஒட்ட வேண்டும்.